இருபது நிமிடத்தில் தோற்கும் பழைய கார்

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் ஒருவர், அதைவிடப் புதிய ஒன்றை ஷோரூமிலிருந்து எடுத்து இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்தால் பெரும்பாலும் புதியதுதான் ஜெயிக்கும். ஜெயிக்காமல் போனால்தான் வியப்பு. புதிய கார்கள் மோசம் என்றோ, பழையதெல்லாம் பொன் என்றோ நான் சொல்ல வரவில்லை. அந்தக் குறுகிய ஓட்டத்தில் தெரிபவை பெரும்பாலும் சில மாதங்களில் பழகி, உணர்விலிருந்தே மறைந்துவிடுகிற குணங்கள். ஆண்டுக்கணக்கில் ஒரு காரோடு ஒட்டவைக்கிற குணங்கள் அதில் தெரிவதே இல்லை. ஆகவே இருக்கிற காரை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டுப் புதியதை வாங்குவதா என்ற முடிவுக்கு டெஸ்ட் டிரைவ் மிகப் பலவீனமான ஆதாரம் என்பதுதான் என் வாதம்.

போர்ஷே நிறுவனத்தின் பாக்ஸ்டரை எடுத்துக்கொள்வோம். 2012-இல் வந்த தலைமுறையின் அடிப்படை வகையில் 2.7 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ இல்லாத எஞ்சின், 265 குதிரைத்திறன். 2016-இல் 718 என்ற எண்ணோடு வந்த அடுத்ததில் 2 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ; 300 குதிரைத்திறன். எஞ்சின் சிறுத்தது, சக்தி கூடியது. முறுக்குவிசை 280 நியூட்டன் மீட்டரிலிருந்து 380 ஆயிற்று. அளவைவிட அது எப்போது கிடைக்கிறது என்பதே முக்கியம். புதியதில் நிமிடத்துக்கு 1,950 சுற்றிலேயே முழு விசையும் வந்துவிடும். பழையதில் 4,500 சுற்று வரை காத்திருக்க வேண்டும். இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸும் ஸ்போர்ட் குரோனோ தொகுப்பும் உள்ள வண்டிகளில், நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட 5.5 விநாடி ஆனது, 4.7 விநாடியாகக் குறைந்தது. எண்களை மட்டும் பார்த்தால் பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் இந்த இரண்டையும் எங்கே ஓட்டி ஒப்பிடுகிறோம்? சென்னையோ மும்பையோ ஸ்டட்கார்ட்டோ, ஷோரூமைச் சுற்றியிருப்பது பெரும்பாலும் நகரச் சாலைதான். சிக்னலுக்கு சிக்னல் நின்று, பக்கத்து இருக்கையில் விற்பனைப் பிரதிநிதியை வைத்துக்கொண்டு ஓட்டும்போது எஞ்சினை 3,000 சுற்றுக்கு மேல் விரட்ட வாய்ப்பே அரிது. டர்போ எஞ்சினின் சரக்கு முழுவதும் அந்த எல்லைக்குள் இருக்கிறது. காலை வைத்ததும் முதுகு இருக்கையில் ஒட்டிக்கொள்கிறது. ஆறு சிலிண்டர் எஞ்சினின் சுவையோ 4,500 சுற்றுக்கு மேல்தான் ஆரம்பம். வர்ணம் முடிந்ததும் எழுந்து போய்விட்டு, பல்லவி எப்படி என்று கருத்துச் சொல்வதைப் போன்ற ஒப்பீடு இது. 718 வெளிவந்தபோது விமர்சகர்கள் அதன் வேகத்தையும் வளைவில் திரும்பும் நேர்த்தியையும் பாராட்டினார்கள். எஞ்சின் ஒலியைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் குறைபட்டார்கள். 2020-இல் போர்ஷே, 718-இன் ஜிடிஎஸ் வகையிலிருந்த 2.5 லிட்டர் டர்போவை எடுத்துவிட்டு, டர்போ இல்லாத 4 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினை மறுபடி கொண்டுவந்தது. அடிப்படை வகைகளில் நான்கு சிலிண்டரே தொடர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் தானே கைவிட்ட எஞ்சின் வடிவத்துக்கு ஒரு நிறுவனம் தன் விலையுயர்ந்த வகையில் திரும்புகிறது என்றால், விநாடிக் கணக்கில் அடங்காத ஏதோ ஒன்றுக்கு வாடிக்கையாளர்கள் பணம் தரத் தயாராக இருந்தார்கள் என்றுதான் பொருள்.

சாலையில் எட்டவே முடியாத சுற்றில் கிடைக்கும் சுகத்தால் என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பழைய பாக்ஸ்டரின் கியர் விகிதங்கள் நீளமானவை. இரண்டாம் கியரை முழுக்க இழுத்தாலே 100 கி.மீ.யைத் தாண்டிவிடும். தினமும் அலுவலகத்துக்கு அதே காரில் போய்வருபவருக்கு 1,950 சுற்றில் கிடைக்கும் விசைதான் உண்மையான விசை. அவருக்கு டெஸ்ட் டிரைவ் சரியான பதிலைத்தான் தரும். ஆனால் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, பெட்டி வைக்கவும் யோசிக்க வேண்டிய ஒரு காரை அலுவலகம் போவதற்காக வாங்குபவர்கள் குறைவு. ஞாயிற்றுக்கிழமை அதிகாலை மலைப்பாதைக்காகவும், எப்போதாவது இருங்காட்டுக்கோட்டை மாதிரியான பந்தயத் தளத்தில் ஓட்டும் ஒரு நாளுக்காகவும் வாங்குகிறவர்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு. அவர்கள் ஓட்டப்போவது ஒரு சாலையில், முடிவெடுப்பது வேறு சாலையில்.

குறுகிய ஓட்டத்தில் மயக்குவதற்கென்றே செய்யப்பட்ட ஏற்பாடுகளும் உண்டு. ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்ததுமே த்ராட்டில் அகலமாகத் திறக்கும். எஞ்சினின் உச்ச சக்தி ஒரு குதிரைகூட ஏறியிருக்காது. முன்பு பாதி மிதிக்குக் கிடைத்தது இப்போது கால் மிதிக்குக் கிடைக்கிறது, அவ்வளவுதான். 2011-இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5, எஞ்சின் ஒலியை ஸ்பீக்கர்கள் வழியாகக் காருக்குள் கூட்டிக் கொடுத்தது. ஹூண்டாயின் அயோனிக் 5 என் என்ற மின்சாரக் கார் ஒரு படி மேலே போய், இல்லாத கியரை மாற்றுவதுபோல் குலுங்கி, இல்லாத எஞ்சின்போல் உறுமுகிறது. அதில் ரசனை இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் நாள் சிரிப்பு வரவழைக்கும் இந்த வேலைகள் நூறாவது நாளில் என்ன செய்யும் என்பது இருபது நிமிடத்தில் தெரியாது. வேகமும் இதே கதைதான். 4.7 விநாடி என்பது 5.5 விநாடிக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான் வேகமாகத் தெரியும். பழையதை விற்ற பிறகு ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

இந்த ஒப்பீட்டில் மிகப் பெரிய அநீதி சொந்தக் காருக்குத்தான் நடக்கிறது. அதை யாரும் பேசுவதும் இல்லை. ஷோரூம் வண்டியில் டயர் புதிது, ஷாக் அப்சார்பர் புதிது, சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள் புதியவை, வீல் அலைன்மெண்ட் தொழிற்சாலை அளவில் இருக்கிறது. வீட்டில் நிற்கும் கார் எட்டு வருடம் ஓடியது. ஷாக் அப்சார்பர் ஒரே நாளில் செத்துப்போவதில்லை; ஆயிரம் ஆயிரம் கிலோமீட்டராகத் தளர்கிறது. தினமும் ஓட்டுகிறவருக்கு அந்தச் சரிவு தெரியாது, கூடவே இருப்பவரின் நரையைப் போல. ஸ்போர்ட்ஸ் கார்களுக்கே உரிய இன்னொரு சிக்கல், அவை குறைவாக ஓடுவது. டயரின் பள்ளம் அப்படியே இருக்கும், ரப்பர் மட்டும் வெயிலிலும் காலத்திலும் இறுகிப்போயிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிடப்பட்டிருக்கும். 2317 என்றால் 2017-இன் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. அதைக் குனிந்து பார்க்காமலே “என் கார் வளைவில் பிடிமானம் இல்லாமல் போகிறது” என்று எத்தனை பேர் முடிவுக்கு வருகிறார்கள்! பிரேக் ஆயிலும் அப்படித்தான். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்பு அதற்கு உண்டு. டாட் 4 தரத்தில் புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்; ஈரம் ஏறியபின் தரவிதி கேட்பது 155 டிகிரிதான். மலையிறக்கத்தில் பெடல் பஞ்சாக அமுங்கினால் அது காரின் வயதாகவே இருக்க வேண்டியதில்லை, மாற்றாமல் விட்ட ஆயிலாக இருக்கலாம். புதிய காரோடு ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு, பலர் பராமரிப்பில்லாத காரோடு பராமரித்த காரை ஒப்பிடுகிறார்கள்.

பழையதைச் செப்பனிடச் செலவாகாதா? ஆகும். நான்கு நல்ல டயர், நான்கு ஷாக் அப்சார்பர், புஷ்கள், கூலி எல்லாம் சேர்ந்தால் தொகை கையைக் கடிக்கும். இறக்குமதிக் காருக்கு இன்னும் அதிகம். ஆனால் அதை வைத்துப் பார்க்க வேண்டியது புதிய காரின் விலையோடும், அதன் முதல் சில ஆண்டுகளில் கரையும் மதிப்போடும். அந்தக் கணக்கில் செப்பனிடும் செலவு சின்னது. அதைச் செய்தும் மனம் புதியதையே கேட்டால் தாராளமாக வாங்கலாம். பாதுகாப்பைப் பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது, அதற்குச் சப்பைக்கட்டு கட்ட முடியாது. சறுக்கலைத் தடுக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயம். அது இல்லாத 1990-களின் காரை மழைக்காலத்திலும் ஓட்டுகிறவர் புதியதுக்கு மாறுவது அறிவுள்ள செயல். 2012 பாக்ஸ்டரில் அது ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே “புதியது பாதுகாப்பானது” என்பது எந்தக் காரிலிருந்து எந்தக் காருக்கு என்பதைப் பொறுத்தது.

ஒப்பிட்டே தீருவதென்றால் முதலில் சொந்தக் காரைச் சீர்செய்து, தெரிந்த சாலையில் ஓட்ட வேண்டும். பிறகு அதே நாளில், அதே சாலையில் புதியதை ஓட்ட வேண்டும். உடனே மறுபடியும் சொந்தக் காரில் ஏற வேண்டும். இந்த மூன்றாவது ஓட்டம்தான் அதிகம் சொல்லும், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஷோரூம் அவ்வளவு நேரம் தராது என்பார்கள்; பெரும் பணம் கொடுக்கப்போகிறவர் ஒரு காலை நேரத்தைக் கேட்பது அதிகமில்லை, மறுத்தால் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தாவது பார்க்கலாம். வரும் ஆண்டுகளில் இது இன்னும் அவசியமாகும். பெட்ரோல் 718-இன் பெரும்பாலான வகைகளின் விற்பனை ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024-லேயே நின்றுவிட்டது, புதிய இணையப் பாதுகாப்பு விதிகளுக்கு அந்தப் பழைய வடிவமைப்பு பொருந்தாததால். அதற்கு மின்சார வாரிசு ஒன்றை உருவாக்குவதாக போர்ஷே அறிவித்திருந்தது. மின் மோட்டாருக்கு 1,950 சுற்றுகூடத் தேவையில்லை. நின்ற இடத்திலேயே அதன் முழு முறுக்குவிசையும் தயாராக இருக்கும். ஷோரூம் வாசலிலிருந்து முதல் சிக்னலைத் தாண்டுவதற்குள் ஓட்டுபவர் மனதில் முடிவு எழுதப்பட்டிருக்கும்.