நோட்டு அச்சடித்தால் கடன் தீருமா?

கடன் சுமை மிகுந்த காலங்களில் உழவர் மனத்தில் இயல்பாக எழும் கேள்வி ஒன்று உண்டு. பணம் என்பது அரசாங்கம் அச்சடிக்கும் காகிதந்தானே. இன்னும் சிறிது அச்சடித்து ஏழை உழவனின் கடனைத் தீர்த்துவிட்டால் என்ன குறைந்துவிடும் என்பதே அக்கேள்வி. படித்தவர்கள் இதைக் கேட்டு நகைப்பது வழக்கம். நாம் நகைக்க விரும்பவில்லை. ஏனெனில் இதே கேள்வியை 1780-களில் அமெரிக்க உழவர்கள் தங்கள் சட்டசபைகளின் முன் எழுப்பினார்கள். சில மாநிலங்களில் கேட்டதைப் பெற்றார்கள். ஒரு மாநிலத்தில் கேட்டது கிடைக்காமல் துப்பாக்கி ஏந்தினார்கள். கடன் கொடுக்கும் சங்கத்தின் நிர்வாகிகளும், கடன் வாங்கும் அங்கத்தினரும் ஒருங்கே அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு இது.

பிரிட்டனை எதிர்த்து அமெரிக்கர் நடத்திய விடுதலைப் போர் 1775-இல் தொடங்கியது. 1783-இல் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. போரை நடத்தப் பொன்னும் வெள்ளியும் இல்லாத காங்கிரஸ் சபை கோடிக்கணக்கான டாலருக்குக் காகிதப் பணத்தை வெளியிட்டது. அதற்கு ஈடாக நிலமும் இல்லை. வரி விதிக்கும் அதிகாரமும் அச்சபைக்கு இல்லை. 1780-இல் காங்கிரஸ் சபையே 40 காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அடுத்த ஆண்டில் அந்தப் பணம் அடியோடு செல்லாக் காசாயிற்று.

போர் ஓய்ந்ததும் பிரிட்டிஷ் சரக்கு அமெரிக்கத் துறைமுகங்களில் வந்து குவிந்தது. லண்டன் வணிகர் பாஸ்டன் வணிகருக்குக் கடனாகக் கொடுத்தார். பாஸ்டன் வணிகர் உள்ளூர்க் கடைக்காரருக்குக் கொடுத்தார். கடைக்காரர் உழவருக்குக் கொடுத்தார். லண்டனிலிருந்து கெடுபிடி தொடங்கியபோது அது படிப்படியாக இறங்கி உழவரின் வாசலில் வந்து நின்றது. அதுவரையில் அவ்வுழவர்கள் கடைக் கடனைத் தானியமாகவும் கால்நடையாகவும் உடலுழைப்பாகவும் தீர்த்து வந்தவர்கள். சங்கத்தில் நூல் வாங்கித் துணியாகத் திருப்பித் தரும் நெசவாளருக்கு இம்முறை புதிதன்று. இப்போதோ, வெள்ளிக் காசாகவே வேண்டும் என்றார்கள். வெள்ளிக் காசோ இறக்குமதிச் சரக்கின் விலையாகக் கடல் கடந்து போய்விட்டிருந்தது.

மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் இத்துன்பம் முற்றியது. போர்க்கடன் பத்திரங்களுக்கு வட்டி கொடுப்பதற்காக அம்மாநிலச் சட்டசபை கடுமையான வரிகளை விதித்தது. 1786 மார்ச்சில் விதித்த வரி மட்டும் மூன்று லட்சம் பவுனுக்கு மேற்பட்டது. அதன் பெரும்பகுதி தலைவரியாகவும் நிலவரியாகவும் வந்து விழுந்தது. போர்வீரர்களுக்குச் சம்பளமாகக் கொடுக்கப்பட்ட பத்திரங்களை அவர்கள் வறுமையால் அற்ப விலைக்கு விற்றிருந்தார்கள்; அவற்றை வாங்கிக் குவித்தவர்கள் முழுமதிப்புக்கு வட்டி பெற்றார்கள். அதாவது, போரில் ரத்தம் சிந்திய உழவன், தான் விற்ற பத்திரத்துக்குத் தானே வரி கட்டினான். கட்டத் தவறினால் மாடும் நிலமும் ஏலத்துக்குப் போயின. கடனாளி சிறைக்கும் போனான்.

1786 ஆகஸ்டு 22-ஆம் நாள் ஹாட்பீல்டு என்னும் ஊரில் 50 ஊர்களின் பிரதிநிதிகள் கூடினார்கள். தங்கள் குறைகளை வரிசைப்படுத்தி எழுதினார்கள். காகிதப் பணம் வெளியிட வேண்டும் என்ற கோரிக்கையும் அதில் இடம் பெற்றது. கலகம் கூடாது என்றும் அவர்கள் மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். மாநிலச் சட்டசபையோ காகிதப் பண மனுக்களுக்கு இணங்கவில்லை. ஒரு வாரத்துக்குள் நார்தாம்ப்டன் நீதிமன்றத்தை மக்கள் திரண்டு மறித்தார்கள். கடன் வழக்குகளை விசாரிக்கும் மற்ற நீதிமன்றங்களும் மறிக்கப்பட்டன. விடுதலைப் போரில் கேப்டனாக இருந்த டேனியல் ஷேஸ் என்னும் உழவர் இவ்வெழுச்சியின் முகமாகக் கருதப்பட்டார். கவர்னர் ஜேம்ஸ் பௌடின் படை திரட்ட முற்பட்டார். அதற்குக் கஜானாவில் பணமில்லை. பாஸ்டன் செல்வர்கள் சந்தா எடுத்துக் கொடுத்தார்கள். 1787 ஜனவரி 25-ஆம் நாள் ஸ்பிரிங்பீல்டு ஆயுதசாலையின் முன் பீரங்கி முழங்கியது. உழவர் நால்வர் மாண்டனர். பிப்ரவரி தொடக்கத்தில் கலகம் சிதறடிக்கப்பட்டது.

பின்னர் நடந்ததைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அவ்வாண்டுத் தேர்தலில் பௌடின் படுதோல்வியடைந்தார். ஜான் ஹான்காக் கவர்னரானார். வரிச்சுமை குறைக்கப்பட்டது. 1788-இல் ஷேஸுக்கு மன்னிப்பும் வழங்கப்பட்டது. ஆறு மாதத்துக்கு முன் மனுவைப் படித்தபோதே செய்திருக்கக்கூடியதை, பிணம் விழுந்த பிறகு செய்தார்கள். கடனாளியின் முறையீட்டைச் சோம்பேறியின் புலம்பல் என்று தள்ளிவிடும் அதிகாரிகள் எந்நாட்டிலிருந்தாலும் இதனை நினைவிற்கொள்வது நலம்.

அப்படியாயின், கேட்டவுடன் நோட்டு அச்சடித்துக் கொடுத்த மாநிலம் வாழ்ந்ததா? அருகிலேயே இருந்த ரோட் ஐலண்ட் இதற்கு விடையளிக்கிறது. அங்கே 1786 மே மாதத்தில் உழவர் கட்சி தேர்தலில் வென்று, ஒரு லட்சம் பவுனுக்குக் காகிதப் பணம் வெளியிட்டது. அதனை வீணே வாரி இறைக்கவில்லை. கடன் தொகையைப் போல் இருமடங்கு மதிப்புள்ள நிலத்தை அடமானமாகப் பெற்றது. முதல் ஏழாண்டுகளுக்கு நூற்றுக்கு நான்கு வட்டி. அடுத்த ஏழாண்டுகளில் ஏழு தவணையாக அசல். திட்டத்தின் இந்தப் பகுதியில் குறை சொல்ல நமக்குத் தோன்றவில்லை. இன்றைய நிலவள வங்கி அதிகாரியிடம் காட்டினாலும் அவர் பெரிதாக முகம் சுளிக்க மாட்டார்.

கேடு பிறகு வந்தது. வணிகர்கள் அந்தப் பணத்தை வாங்கத் தயங்கினார்கள். உடனே சட்டசபை, வெள்ளிக்குச் சமமாக இந்நோட்டை வாங்க மறுப்பவருக்கு 100 பவுன் அபராதம் என்று சட்டம் செய்தது. ஜூரர் இல்லாமலும் மேல்முறையீடு இல்லாமலும் விசாரிக்கலாம் என்றும் விதித்தது. கடன் கொடுத்தவர் நோட்டை வாங்க மறுத்தால், கடனாளி அதனை நீதிபதியிடம் கட்டிவிட்டுப் பத்திரிகையில் அறிவிப்புச் செய்து கடன் தீர்ந்ததாகக் கணக்கை முடித்துக்கொள்ளலாம். விளைவு என்ன? நகரங்களில் கடைகள் மூடின. அதற்குப் பதிலடியாக உழவர்கள் நகரத்துக்கு விளைபொருள் அனுப்ப மறுத்தார்கள். நியூபோர்ட்டில் ஜான் வீடன் என்னும் இறைச்சிக் கடைக்காரர், ஜான் ட்ரெவெட் கொடுத்த நோட்டை வாங்க மறுத்ததற்காக 1786 செப்டம்பரில் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். இவ்வழக்கு தங்கள் விசாரணைக்கு உரியதன்று என்று நீதிபதிகள் தள்ளிவிட்டார்கள். வீடன் வட்டிக்காரர் அல்லர். இறைச்சி விற்றுப் பிழைத்தவர். பெரிய முதலாளியைத் தண்டிக்கச் செய்த சட்டம் முதலில் போய்த் தட்டியது அவர் கடைக் கதவைத்தான். 1789-இல் 15 காகிதப் பவுனுக்கு ஒரு வெள்ளிப் பவுன் என்று அம்மாநிலச் சட்டசபையே மதிப்பு வைக்கும் நிலை வந்தது.

காகிதப் பணமே கேடு என்பார் இதனைச் சான்றாகக் காட்டுவர். அதனை நாம் ஏற்கமாட்டோம். அதே 1786-இல் நியூயார்க் மாநிலமும் இரண்டு லட்சம் பவுனுக்கு நோட்டு வெளியிட்டது. பெரும்பகுதியை நில அடமானத்தின் மேல் கடனாகவே கொடுத்தது. அங்கே கடன் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது மட்டுமே அந்நோட்டை வாங்கியாக வேண்டும் என்ற விதி இருந்தது. கடைவீதியில் எவரையும் அது நெருக்கவில்லை. நோட்டின் மதிப்பு சிறிதளவே குறைந்தது. அளவையும் பார்க்கவேண்டும். ரோட் ஐலண்டில் ஒரு டாலருக்கு 6 ஷில்லிங். நியூயார்க்கில் 8 ஷில்லிங். 1790-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி முன்னதில் 68,825 பேர். பின்னதில் 3,40,120 பேர். கணக்கிட்டால் ரோட் ஐலண்டில் தலைக்கு ஏறத்தாழ 5 டாலர் நோட்டும், நியூயார்க்கில் தலைக்கு ஏறத்தாழ ஒன்றரை டாலர் நோட்டும் வெளியாயின. மும்மடங்குக்கும் மேற்பட்ட அளவு. அதற்குமேல் அபராதச் சட்டம். மதிப்பு விழுந்ததில் வியப்பில்லை.

இன்னும் பழைய சான்று பென்ஸில்வேனியாவில் கிடைக்கிறது. அங்கே 1723-லேயே 15,000 பவுனும், பிறகு 30,000 பவுனும் நிலத்தை ஈடாகப் பெற்று நூற்றுக்கு ஐந்து வட்டியில் உழவருக்குக் கடனாக வழங்கினார்கள். ஆண்டுதோறும் தவணை கட்டினார்கள். வந்த வட்டியில் அரசாங்கச் செலவின் பெரும்பகுதி நடந்தது. 1729-இல் பெஞ்சமின் பிராங்க்ளின் இம்முறையை ஆதரித்து ஒரு பிரசுரமே எழுதினார். நெடுங்காலம் அந்த நோட்டை மக்கள் நம்பி வாங்கினார்கள்.

இவையனைத்தும் 1787-இல் பிலடெல்பியாவில் கூடிய அரசியலமைப்பு மாநாட்டை உலுக்கின. மாநிலங்கள் எதுவும் காகிதப் பணம் வெளியிடலாகாது. பொன், வெள்ளி நாணயம் தவிர வேறெதையும் கடனுக்கு ஈடாக வாங்கும்படி கட்டாயப்படுத்தலாகாது. ஒப்பந்தக் கடப்பாட்டைக் குலைக்கும் சட்டம் செய்யலாகாது என்று அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டார்கள். ரோட் ஐலண்ட் அம்மாநாட்டுக்குப் பிரதிநிதியே அனுப்பவில்லை. 1790 மே 29-ஆம் நாள்தான், எல்லோருக்கும் கடைசியாக, இணங்கியது. ரோட் ஐலண்டின் அபராதச் சட்டத்தோடு, நன்றாக நடந்துவந்த நியூயார்க் முறைக்கும் கதவு அடைபட்டது. ஓரிடத்தில் அளவு மீறியதன் பயனை நாடெங்கும் இருந்த கடனாளி உழவர்கள் அனுபவித்தார்கள்.

சங்கங்களின் கணக்கைப் பார்வையிடும் நமக்கு இதிலிருந்து தெளிவாகும் கருத்து ஒன்றே. கடனாளிக்குத் தேவை குறைந்த வட்டியும், விளைச்சலுக்கு ஏற்ற தவணையும், வாங்கும் தொகைக்குத் தக்க ஈடும். இவற்றைத் தர மறுப்பது அநீதி. மாஸசூஸெட்ஸ் அதனைச் செய்தது. இவற்றைத் தந்துவிட்டு, போதாதென்று அயலானின் கையைப் பிடித்துத் திணிப்பதும் அநீதி. ரோட் ஐலண்ட் அதனைச் செய்தது. முதலாவது அநீதியைக் கண்டு நாம் கொதிக்கிறோம். இரண்டாவதைச் சலுகை என்று சொல்லி மறந்துவிடுகிறோம்.

நம் சங்கத்தில் கடனாக வெளியே போகும் தொகையில் அடுத்த வீட்டு நெசவாளி சேர்த்துவைத்த சேமிப்பும் உண்டு. நட்டமடைந்த பருவத்தில் தவணையை நீட்டித்துத் தரும்படி பொதுக்குழுவில் எழுந்து கேட்க அங்கத்தினர் எவரும் கூச வேண்டியதில்லை, அது உரிமை. நிர்வாகக் குழு காலந்தாழ்த்தாமல் அதனைக் கேட்டு முடிவு செய்வது கடமை. ஆனால் அடுத்தவர் சேமிப்பின் மதிப்பைக் கரைத்துத் தன் கடனைத் தீர்த்துக்கொள்ளும் எந்த ஏற்பாட்டுக்கும் கை தூக்குமுன், அந்தக் கரைப்பு நாளைக்குத் தன் சேமிப்பையும் தொடும் என்பதை அவர் எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழில் நாணயம் என்னும் சொல் காசையும் குறிக்கிறது; சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கிறது. நம் முன்னோர் இச்சங்கங்களுக்கு ஐக்கிய நாணயச் சங்கம் என்று பெயர் வைத்தபோது இரண்டையும் மனத்திற்கொண்டே வைத்தார்கள் என்று நாம் கருதுகிறோம்.