நினைவிடத்தில் இடம் கிடைக்காதவர்கள்

1991 டிசம்பர் 25 மாலை கோர்பச்சேவ் பதவி விலகினார். சற்று நேரத்தில் கிரெம்ளின் உச்சியிலிருந்து செங்கொடி இறக்கப்பட்டது. ஆண்டுதோறும் அதே தேதியில்தான் கீழ்வெண்மணியில் செங்கொடி ஏற்றப்படுகிறது. 1968இல் கூலி உயர்வு கேட்டுப் போராடிய 44 தலித்துகள் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட நாள் அது. அங்கே கொடி இறங்கியபோது இங்கே 23ஆவது நினைவு நாள். தேதிகள் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆனால் சோவியத் ஒன்றியத்தின் தகர்வை ஒரு தலித் எப்படிப் புரிந்துகொள்வது என்ற கேள்வி தற்செயலானதல்ல.

இந்தத் தகர்வைப் பற்றி நம்மிடையே இரண்டு கதைகள் புழங்குகின்றன. துரோகிகளும் ஏகாதிபத்தியமும் சேர்ந்து ஒரு பொன்னுலகைக் கவிழ்த்துவிட்டதாகச் சொல்வது ஒன்று. சமத்துவம் எங்கேயும் நடக்காது என்பதற்கு இதுவே சாட்சி என்று சிரிப்பது இன்னொன்று. இரண்டிலும் பேசுபவர்கள் தலைவர்கள்தான். ஸ்டாலின், குருசேவ், கோர்பச்சேவ், எல்த்சின் என்று பெயர்கள் வரும். ரொட்டிக்கு வரிசையில் நின்றவர், ஊதியம் வராத ஆசிரியை, இரவோடிரவாக ஊரைவிட்டு ஓடியவர் ஆகியோரின் பெயர்கள் வராது. நான் பிறந்தபோது சோவியத் ஒன்றியம் உலக வரைபடத்தில் இல்லை. குறைந்த விலையில், கெட்டி அட்டையில், நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் வழியாக வந்து இறங்கிய தமிழ்ப் புத்தகங்களின் நாடாகத்தான் அது எனக்கு முதலில் அறிமுகம். அந்த நாட்டில் வாழ்ந்தவர்களின் குரலைக் கேட்டது ஆய்வுக்கு வந்த பிறகுதான்.

அந்தக் குரல்களைப் பெருமளவில் திரட்டியவர் பெலாருஸ் எழுத்தாளர் ஸ்வெத்லானா அலெக்சியேவிச். 1991 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எளிய மனிதர்களிடம் பேசி, 2013இல் சோவியத் மனிதரின் முடிவைப் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த நூலில் ஒரே முடிவை எல்லோரும் சொல்வதில்லை. சமையலறையில் மட்டுமே உரக்கப் பேசமுடிந்த காலம் ஒழிந்தது என்று மகிழ்ந்தவர் இருக்கிறார். மகிழ்ந்தவரே சில மாதங்களில் வீட்டுப் பொருள்களைத் தெருவோரத்தில் விரித்து விற்கவேண்டி வந்தது. 1992 ஜனவரி 2 அன்று ரஷ்யாவில் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அந்த ஓராண்டில் மட்டும் விலைவாசி ஏறத்தாழ 26 மடங்கானது. இறுதிச் சடங்குக்கென்று பாட்டிகள் வங்கியில் போட்டுவைத்த பணம் சில மாதங்களில் செல்லாக்காசானது. ஊதியத்துக்குப் பதிலாகத் தொழிற்சாலை தன் சரக்கையே தொழிலாளியின் கையில் கொடுத்து விற்றுக்கொள்ளச் சொன்னது. 1980களின் பிற்பகுதியில் 65ஐத் தொட்டிருந்த ஆண்களின் சராசரி ஆயுள் 1994இல் 58க்கும் கீழே இறங்கியது. ஹிட்லரின் படைக்கு எதிராகப் பிரெஸ்ட் கோட்டையைக் காத்த முதியவர் ஒருவர் 1992இல் அதே ஊருக்குத் திரும்பிவந்து ரயில்முன் விழுந்து இறந்தார்.

இந்தச் சாட்சியங்களை ஏக்கமாகவும் படிக்கலாம், எச்சரிக்கையாகவும் படிக்கலாம். சாதி ஒழிப்பு அரசியலில் நிற்கிற நமக்கு இவற்றில் இன்னொரு பகுதி முக்கியம். எல்லோரும் ஒரே பொருளை இழக்கவில்லை. மாஸ்கோ பேராசிரியர் சேமிப்பை இழந்தார். பாகூவின் ஆர்மேனியர் ஊரையே இழந்தார்.

அஜர்பைஜானின் தலைநகர் பாகூ. பல இனத்தவர் ஒரே மாடிக் குடியிருப்பில் வாழ்ந்து, ஒரே பள்ளியில் படித்து, கலப்பு மணம் செய்துகொண்ட நகரம். 1988 பிப்ரவரியில் அருகிலுள்ள சும்கயித்தில் ஆர்மேனியர்கள் வேட்டையாடப்பட்டார்கள். அதே காலத்தில் ஆர்மேனியாவிலிருந்து அஜர்பைஜானியர்கள் பெருந்திரளாக விரட்டப்பட்டார்கள். 1990 ஜனவரி 13 அன்று பாகூவில் ஆர்மேனியர் மீதான தாக்குதல் தொடங்கியது. ஏறத்தாழ ஒரு வாரம் வீடு வீடாகத் தேடி அடித்தார்கள். நகரத்தில் படை இருந்தும் தடுக்கவில்லை. ஜனவரி 19 நள்ளிரவில்தான் சோவியத் இராணுவம் டாங்கிகளோடு நுழைந்து சுட்டது. நூறுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். அந்த இறப்பு கொடுமையானது, நியாயப்படுத்த முடியாதது. அவர்களுக்காக இன்று பாகூவில் தியாகிகள் நினைவிடம் இருக்கிறது. அதற்கு முந்தைய ஒரு வாரத்தில் மாடியிலிருந்து தள்ளப்பட்டவர்களுக்கும், ஒற்றைப் பெட்டியோடு படகேறியவர்களுக்கும் அந்த நினைவிடத்தில் இடமில்லை. அவர்களுக்கு மிஞ்சியது வாய்மொழி மட்டுமே. தன்னைப் பல நாள் ஒளித்துவைத்துச் சோறு போட்ட அண்டை வீட்டாரையும், கதவைக் காட்டிக்கொடுத்த அண்டை வீட்டாரையும் ஒரே மூச்சில் நினைவுகூரும் வாய்மொழி.

இதைப் படிக்கும்போது எனக்குத் தென்னார்க்காடு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இருக்கிறது பெருமுக்கல். அதன் மலையில் வரலாற்றுக்கு முந்தைய பாறைக் கீறல்கள் உள்ளன. உச்சியிலுள்ள கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. கிழக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். கோடையில் பாத்தியில் நின்று உப்பு வாருகிறவர்களுக்கு ஐப்பசி மழை இறங்கியதும் வேலை இருக்காது. அந்த மாதங்களில்தான் அவர்களுக்கு என்னோடு பேச நேரம் கிடைக்கிறது. இங்கே யாரும் தேதி சொல்லிப் பேசுவதில்லை. சுனாமி வந்த வருஷம், தானே புயலுக்கு முந்தி, எம்.ஜி.ஆர். செத்த வருஷம் என்றுதான் கணக்கு. எம்.ஜி.ஆர். இறந்த 1987ஆம் ஆண்டைச் சொன்னதும் சில பெண்கள் கொஞ்சம் நிறுத்துவார்கள். வேறு ஊர்களிலிருந்து வாழ்க்கைப்பட்டு இந்தப் பக்கம் வந்தவர்கள் அவர்கள். அதே ஆண்டைக் கலவர வருஷம் என்றும் சொல்வார்கள்.

1987 செப்டம்பர் 17 அன்று வன்னியர் சங்கம் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியலைத் தொடங்கியது. காவல்துறை சுட்டது. 21 பேர் இறந்தார்கள். உழைத்துப் பிழைத்த மக்களை அரசு சுட்டுக் கொன்றது. அவர்கள் எழுப்பிய கோரிக்கையின் விளைவாக 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற பிரிவும் 20 விழுக்காடு ஒதுக்கீடும் வந்தன. அந்த 21 பேருக்கு விழுப்புரத்தில் அரசு மணிமண்டபம் கட்டியது. 2025 ஜனவரியில் முதலமைச்சர் அதைத் திறந்துவைத்தார். சமூக நீதிக்காக உயிர் விட்டவர்களுக்கு நினைவிடம் வேண்டும். அதில் நமக்கு மாறுபாடு இல்லை.

ஆனால் அதே மறியல் வாரத்தில் தென்னார்க்காட்டுக் கிராமங்களில் சேரிகள் எரிந்தன. சாலையில் அரசை எதிர்த்து நின்ற கூட்டத்தின் ஒரு பகுதி, இரவில் ஊருக்குள் திரும்பித் தலித் குடிசைகளுக்குத் தீ வைத்தது. அந்தக் குடிசைகளுக்கு எந்த மணிமண்டபத்திலும் ஒரு வரி இல்லை. பாகூவில் நடந்ததும் இதுதானே? அரசின் குண்டுக்கு இறந்தவர்கள் தியாகிகள். அதே வாரத்தில் அக்கம்பக்கத்தார் கையால் அழிந்தவர்கள் யாருமில்லை.

பாகூவும் தென்னார்க்காடும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. பாகூவின் ஆர்மேனியர் தப்பித்துப் போய், வேறொரு நாட்டில் அகதியாகி, திரும்பாமலே இருந்துவிட்டார். எரிந்த சேரியின் மனிதர் அதே சாம்பல்மேல் கீற்று வேய்ந்துகொண்டு, அடுத்த வாரமே அதே ஊரார் நிலத்தில் நாற்று நடப் போனார். தீ வைத்தவர் வரப்பில் நிற்க, அவர் முகத்தைப் பார்த்துக் கூலி வாங்கினார். அகதி என்ற பெயர்கூட இவருக்குக் கிடைக்கவில்லை. பேசினால் நாளைக்கு வேலை இருக்காது என்பதால் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசாமல் இருந்தவர்கள் உண்டு. நான் கேட்டவரையில் அவர்கள் தீயிலிருந்து தொடங்குவதில்லை. விதைக்கு வைத்திருந்த மூட்டை, குட்டி போடும் தறுவாயில் இருந்த ஆடு, பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ், ரேஷன் அட்டை ஆகியவற்றிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அறிக்கைகள் குடிசைகளை எண்ணும். சான்றிதழ் எரிந்ததால் படிப்பை விட்ட பையனை எந்த அறிக்கையும் எண்ணாது.

பல தேசிய இனங்களின் நட்பு என்பது சோவியத் அரசின் கொள்கை. மாஸ்கோவின் பொருட்காட்சித் திடலில் மக்கள் நட்புறவு நீரூற்று என்று ஒன்று இன்றும் இருக்கிறது. அன்றைய 16 குடியரசுகளுக்கு 16 பொன்முலாம் பூசிய பெண் சிலைகள். 1997இல் தமிழ்நாடு அரசு பெரியார் நினைவு சமத்துவபுரத் திட்டத்தைத் தொடங்கியது. எல்லாச் சாதியினருக்கும் சேர்த்து நூறு வீடுகள், நுழைவில் பெரியார் சிலை. இரண்டும் நல்ல எண்ணத்தில் பிறந்தவை. சமத்துவபுரத்தை நான் கேலி செய்யமாட்டேன். அதில் வீடு கிடைத்த தலித் குடும்பத்துக்கு அது மெய்யான வீடு. ஆனால் சமத்துவபுரம் இருக்கிற மாநிலத்தில்தான் 2013 ஏப்ரல் 25 அன்று, மாமல்லபுரத்தில் சித்திரை முழுநிலவு விழா நடந்த நாளில், மரக்காணத்தில் தலித் வீடுகள் எரிந்தன. அரசு கட்டியதும் மனிதர்களிடையே கட்டப்பட்டதும் வேறு வேறு.

இந்த வேறுபாட்டை முன்கூட்டியே கேட்டவர் அம்பேத்கர். புத்தரா, கார்ல் மார்க்சா என்ற கட்டுரையில் அவர் ரஷ்யாவின் சாதனையை மறுக்கவில்லை. சமத்துவத்தை உண்டாக்க முயன்றதற்காக அதை வரவேற்கவே செய்தார். ஆனால் சமத்துவத்துக்காகச் சகோதரத்துவத்தையும் சுதந்திரத்தையும் பலி கொடுக்க முடியாது என்றார். வலிமையைக் கொண்டு நிறுத்திய அரசு உதிர்ந்துபோகும் நாளில் அதன் இடத்தில் எது நிற்கும் என்று கேட்டார். 1956இல் அவர் மறைந்தார். கட்டுரை 1987இல்தான் மகாராஷ்டிர அரசின் தொகுப்பில், மூன்றாம் தொகுதியில் வெளிவந்தது. நான்கே ஆண்டுகளில் வரலாறு அந்தக் கேள்வியை மெய்யாகவே கேட்டது. பாகூவின் படிக்கட்டுகளில் அதற்கு இரண்டு விடைகள் கிடைத்தன. ஒரு வீட்டில் ஒளிய இடம் கொடுத்தார்கள், ஒரு வீட்டில் காட்டிக்கொடுத்தார்கள். ஒளித்துவைத்தவரைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. சகோதரத்துவம் எங்கே உண்டாகியிருந்தது, எங்கே உண்டாகவில்லை என்பதைக் கட்சி ஆவணங்களிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. உயிர் பிழைத்தவரைக் கேட்டால்தான் தெரியும்.

1990களின் தொடக்கத்தில் அ. மார்க்ஸ், ரவிக்குமார், பொ. வேல்சாமி ஆகியோரின் நிறப்பிரிகை சோவியத் தகர்வையும் தலித் அரசியலையும் சேர்த்தே விவாதித்தது. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி எழுந்த எழுச்சியும் அதே காலம்தான். கோட்பாட்டு விவாதம் அன்றே நடந்துவிட்டது. அந்த ஆண்டுகளைச் சேரியிலிருந்து பார்த்தவர்களின் வாய்மொழியைத்தான் போதுமான அளவு நாம் திரட்டவில்லை. இந்தப் பகுதிக்கு ஒரு நல்ல முன்மாதிரியே இருக்கிறது. புதுச்சேரிக்கு அருகே ஒரு கிராமத்தில் வீரம்மா என்ற தலித் விவசாயத் தொழிலாளி தன் வாழ்க்கையைச் சொல்ல, ஜோசியான் ரசீன் ஏறத்தாழ பத்தாண்டுகள் ஒலிநாடாவில் பதிவுசெய்தார். 1995இல் பிரெஞ்சிலும் 1997இல் ஆங்கிலத்திலும் அது நூலானது. தமிழில் சொல்லப்பட்ட வாழ்க்கை முதலில் பாரீசில் வாசிக்கப்பட்டது.

இந்த வேலையில் எச்சரிக்கைகளும் வேண்டும். அலெக்சியேவிச் மீதே ஆய்வாளர்களின் விமர்சனம் உண்டு. அவர் தன் கேள்விகளைப் பெரும்பாலும் நீக்கிவிடுகிறார், பேச்சைச் செதுக்குகிறார், ஒரே சாட்சியம் பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது என்கிறார்கள். நாம் கேள்வியையும் சேர்த்தே பதிவுசெய்வோம். துயரத்தை மட்டும் கேட்டு வாங்கி வந்துவிடுவதும் ஒரு சுரண்டல்தான். கலவரத்துக்கு முந்தைய நாளைக் கேட்கவேண்டும். சிரிப்பு, பாட்டு, காதல், யார் வீட்டில் யார் தண்ணீர் குடித்தார்கள், யார் ஒளித்துவைத்தார்கள் என்பதையெல்லாம் கேட்கவேண்டும். ஊர்த்தெருவிலும் கேட்கவேண்டும். துப்பாக்கிச் சூட்டில் மகனை இழந்த வன்னியர் தாயின் நினைவும், குடிசை எரிந்த தலித் பெண்ணின் நினைவும் ஒரே காப்பகத்தில் இருக்கும் நாள் வந்தால்தான் அம்பேத்கர் சொன்ன சகோதரத்துவத்தைப் பற்றிப் பேசவே தகுதி வரும்.

நினைவைத் திரட்டுவது எளிய வேலையென்று அதிகாரம் நினைப்பதில்லை. ஸ்டாலின் காலத்தில் கொல்லப்பட்டவர்களின் பெயர்களைத் திரட்டிவந்த மெமோரியல் அமைப்பை 2021 டிசம்பரில் ரஷ்ய உச்ச நீதிமன்றம் கலைக்க உத்தரவிட்டது. பெயர்ப் பட்டியலுக்கு ஓர் அரசு அவ்வளவு அஞ்சியது.

1987இல் இருபது வயதாக இருந்தவருக்கு இன்று அறுபதை ஒட்டிய வயது. அன்று நாற்பது வயதானவர்களில் பலர் இப்போது இல்லை. இதைப் படிக்கும் தோழர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒலிப்பதிவு செய்யும் செல்பேசி இருக்கிறது. ஆய்வுப் பட்டமோ நிதியோ இதற்குத் தேவையில்லை. உங்கள் பாட்டியிடம், தெருவில் மூத்த பெண்ணிடம் அனுமதி கேட்டு உட்காருங்கள். பெயர் வெளியே வரக்கூடாதென்று சொன்னால் வரக்கூடாது. பதிவின் ஒரு பிரதியை அவர்கள் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். சமூக வலைத்தளத்தில் போட அவசரப்படாதீர்கள், அந்தப் பதிவால் அவர்களின் நாளைய கூலிக்கு ஊறு வரலாம். நினைவிடத்தை அரசு எப்போது கட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. இந்த ஐப்பசியில் மழை தொடங்கி உப்பளத்தில் வேலை நிற்கும்போது அவர்களுக்கு நேரம் இருக்கும். போய்க் கேட்போம்.