போலீஸ் உத்தியோகமா, பயிர் ஆராய்ச்சியா?

கும்பகோணத்தில் சாம்பசிவன் என்று ஒரு டாக்டர் இருந்தார். அறுவைச் சிகிச்சையில் பெயர் பெற்றவர். யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவை ஒழிக்க ஊர் மக்களையே ஒன்று சேர்த்தவர். அவருக்கு 1925-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி ஒரு மகன் பிறந்தார். மகனுக்கு 11 வயதானபோது தந்தை காலமாகி விட்டார்.

டாக்டர் வீட்டுப் பிள்ளை டாக்டர் ஆவதுதான் முறை என்று குடும்பத்தார் நினைத்தார்கள். பிள்ளையும் திருவனந்தபுரம் போய் விலங்கியல் படித்தார். அந்தச் சமயத்தில்தான், 1943-ல், வங்காளத்தில் பெரும் பஞ்சம் வந்தது. இருபது முப்பது லட்சம் பேர் மாண்டார்கள். அந்தச் செய்தி அவர் மனத்தை மாற்றியது. மருத்துவம் வேண்டாம் என்று கோயமுத்தூர் விவசாயக் கல்லூரியில் சேர்ந்தார்.

அவர்தான் எம். எஸ். சுவாமிநாதன்.

1947-ல் டில்லியில் உள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார். மரபியல் பிரிவில் மாணவராகச் சேர்ந்தார். அப்போதும் சுற்றத்தார் விடவில்லை. சர்க்கார் பரீட்சை எழுது என்றார்கள். எழுதினார். தேறினார். இந்தியப் போலீஸ் பணி கிடைத்தது. அதே நேரத்தில் ஹாலந்து தேசத்தில் மரபியல் ஆராய்ச்சி செய்ய யுனெஸ்கோ உதவித் தொகையும் கிடைத்தது.

ஒரு கையில் தொப்பியும் அதிகாரமும். மறு கையில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி! அவர் உருளைக்கிழங்கைத் தேர்ந்தெடுத்தார்.

அன்று அந்த வீட்டில் எழுந்த கேள்வி இன்றும் தஞ்சை வட்டாரத்து வீடுகளில் எழுகிறது. பையனோ பெண்ணோ, "மரபியல் ஆராய்ச்சியில் சேரப் போகிறேன்" என்று சொன்னால், "அது என்ன வேலை? அதில் என்ன வரும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் அவரவர் வயலிலேயே இருக்கிறது.

பூவுக்குள் ஒரு வேலை

தாயின் சாயலும் தந்தையின் சாயலும் பிள்ளைக்கு வருகின்றன. பயிருக்கும் அப்படியே. எந்தக் குணம் எப்படி இறங்குகிறது என்று ஆராய்வதே மரபியல்.

நெற்பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாக இருக்கின்றன. பூ தன் மகரந்தத்தாலேயே கருத்தரித்து மணி பிடித்து விடும். இரண்டு ரகங்களை மணம் முடிக்க வேண்டுமானால், பூ மலர்வதற்கு முன்பே அதைத் திறக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் சிறு இடுக்கியால் எடுத்து விட வேண்டும். மறு ரகத்தின் மகரந்தத்தைத் தூவ வேண்டும். பிறகு காகிதப் பையால் கதிரை மூட வேண்டும். கை நடுங்கினால் பூ போய் விடும்.

இப்படிக் கிடைக்கும் விதையை விதைத்தால் உடனே புது ரகம் வந்து விடாது. பேரப் பயிர்களில் ஒன்று உயரமாக வரும். ஒன்று குட்டையாக வரும். நல்லதைப் பொறுக்கிப் பொறுக்கி ஆறேழு தலைமுறை விதைத்தால்தான் எல்லாம் ஒரே சீராக நிற்கும். ஒரு ரகம் உழவர் கைக்கு வரப் பத்து ஆண்டும் ஆகலாம். பொறுமை இல்லாதவருக்கு இந்த வேலை ஆகாது.

கட்டாக்கிலிருந்து ஆடுதுறைக்கு

நம் பழைய நெல் உயரமாக வளரும். உரம் போட்டால் இன்னும் உயரும். கதிர் முற்றும் நேரத்தில் சாய்ந்து விடும். ஜப்பான் நெல் குட்டை. உரத்தைத் தாங்கும். இரண்டையும் கலந்தால் என்ன? கீழக்கரையில் பிறந்த நெல் விஞ்ஞானி கே. ராமையாவின் யோசனை இது. ஒரிஸ்ஸாவில் கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1950-களில் இந்த வேலை நடந்தது. கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்று, அமெரிக்காவில் வந்த வேலையையும் வேண்டாம் என்று விட்டு, 1954-ல் தாயகம் திரும்பிய சுவாமிநாதன் அங்கேதான் முதலில் சேர்ந்தார்.

கலப்பில் பிறந்த பயிர்களில் பெரும்பாலானவை பதராகவே போயின. தேறியவை மிகச் சில. அவற்றில் ஒன்று தஞ்சைக்கு வந்தது. ஜப்பானின் நோரின் 10 ஒரு பெற்றோர். நம் ஊரில் கிச்சிலிச் சம்பா என்று பெயர் பெற்ற ஜி.இ.பி. 24 மறு பெற்றோர். 1922-ல் தொடங்கிய ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணையில் அது தேர்ந்தெடுக்கப்பட்டது. அதுதான் ஆடுதுறை 27. சுமார் 105 நாளில் அறுவடை. 1960-களில் தஞ்சைக் குறுவை வயல்களை அது நிறைத்தது. வயதான மிராசுதாரர்களையும் குத்தகைக்காரர்களையும் கேட்டால் இன்றும் அதைப் பற்றிச் சொல்வார்கள்.

தண்ணீருக்குள் சம்பா

ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பாப் பயிர் மூழ்கி அழுகுவது டெல்டாவின் தீராத துயரம். இதற்கு வழி கண்டதும் மரபியல்தான். ஒரிஸ்ஸாவின் பழைய நெல் ஒன்றுக்கு வெள்ளத்தைத் தாங்கும் குணம் உண்டு. அந்தக் குணத்தைத் தரும் மரபணு எது என்பது 2006-ல் தெரிந்தது. டெல்டாவில் பழகிய சி.ஆர். 1009 நெல்லில் அதைச் சேர்த்தார்கள். நாற்றின் இலையைக் கிள்ளிச் சோதித்தே, மரபணு வந்திருக்கிறதா என்று பார்த்து விடலாம். இப்படிப் பிறந்த சி.ஆர். 1009 சப் 1, இரண்டு வாரம் வரை நீருக்குள் கிடந்தாலும் தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கிறது.

பழைய நெல்லா, புது நெல்லா என்று சண்டை போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பழைய நெல் அழிந்து போயிருந்தால் புது நெல்லுக்கு வழியே இல்லை. எல்லா வயலிலும் ஓரிரு ரகங்களையே பயிரிட்டால் ஆபத்து என்று சுவாமிநாதனே 1968-ல் எச்சரித்தார்.

வேலை முடிந்து விடவில்லை. கடலோரத்தில் உப்பு ஏறுகிறது. ஆற்றில் தண்ணீர் சில ஆண்டு வருகிறது, சில ஆண்டு வருவதில்லை. இதற்கெல்லாம் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆள் வேண்டும். வயலில் கால் வைத்து வளர்ந்த பிள்ளைக்கு அங்கே இடம் உண்டு. பயிர் வாடுவதைப் படத்தில் பார்த்தவனைவிட, பார்த்து அழுதவன் நன்றாகக் கேள்வி கேட்பான்.

வீட்டின் கவலை

"சம்பளம் இல்லாமல் எத்தனை வருஷம் படிப்பது?" என்று தாய் தந்தையர் அஞ்சுகிறார்கள். மத்திய சர்க்காரின் 'நெட்' பரீட்சையில் ஆராய்ச்சி உதவித் தொகைக்குத் தேறுகிறவர்களுக்கு 2023-ல் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால் எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை. போட்டி கடுமை. இதை மறைக்கக் கூடாது.

பெண்ணுக்கு இது ஏற்குமா என்று கேட்பவர்களும் உண்டு. தலைச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள் 1931-லேயே அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு கோயமுத்தூர் கரும்பு நிலையத்தில் கரும்பின் மரபியலை ஆராய்ந்தார். பத்மஸ்ரீ பட்டமும் பெற்றார். தொண்ணூறு ஆண்டுக்கு முன் முடிந்தது இன்று முடியாதா?

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுத்துப் படித்தவர்கள் விவசாயப் பட்டப் படிப்பில் சேரலாம். தஞ்சைக்கு அருகே ஈச்சங்கோட்டையிலேயே கல்லூரி இருக்கிறது. அதன் பிறகு கோயமுத்தூரில் பயிர் மரபியலில் மேல் படிப்பும் ஆராய்ச்சியும் உண்டு. தாவரவியல் பட்டம் பெற்றவர்களுக்கும் மற்றப் பல்கலைக் கழகங்களில் மரபியல் படிக்க வழி இருக்கிறது.

முடிவு செய்யுமுன் பிள்ளையை ஒரு நாள் ஆடுதுறைக்கு அழைத்துப் போகலாம். கும்பகோணத்திலிருந்து மாயவரம் போகும் சாலையில்தான் இருக்கிறது. முன்னதாக அனுமதி கேட்டுக் கொள்ள வேண்டும். பயிர் பூக்கும் பருவமாகப் பார்த்து, காலையிலேயே போய்விட வேண்டும். நெற்பூ ஒரு மணி நேரம் திறந்திருந்தாலே அதிகம்.