கலைத் திருவிழா: யாரோடு யாருக்குப் போட்டி?

பள்ளிக் கலைப் போட்டிகளில் வென்றவர்களின் பெயர்கள் நாளிதழ்களில் வெளியாகின்றன. வட்டார அளவிலேயே தோற்றுத் திரும்பியவர்களின் பெயர்கள் வெளியாவதில்லை. அது இயல்புதான். ஆனால், எதனால் தோற்றோம் என்பது அந்த மாணவர்களுக்காவது தெரிகிறதா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை 2022-23-ஆம் கல்வியாண்டில், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12 வரையிலான வகுப்புகளில் பயில்வோருக்காகக் கலைத் திருவிழாவைத் தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என அதற்கு நான்கு படிகள். 6-8, 9-10, 11-12 என வகுப்புவாரியாக மூன்று பிரிவுகள். ஓவியம், வாய்ப்பாட்டு, கருவியிசை, நடனம், நாடகம், மொழித்திறன் என விரியும் போட்டிகளில் தனிநபர் போட்டிகளும் உண்டு, குழுப் போட்டிகளும் உண்டு. 2024-25-ஆம் கல்வியாண்டு முதல் தொடக்கப் பள்ளி மாணவர்களும் சேர்க்கப்பட்டுப் பிரிவுகள் ஐந்தாயின. மாநில அளவில் வெல்வோருக்குக் 'கலையரசன்', 'கலையரசி' விருதுகள் வழங்கப்படுகின்றன. சிறந்து விளங்குவோர் வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லப்படுவர் என்றும் அறிவிக்கப்பட்டது.

இத்திட்டத்தின் பயனைக் குறைத்து மதிப்பிட இயலாது. கட்டணம் செலுத்திப் பாட்டும் நடனமும் கற்கும் வாய்ப்பு பெரும்பாலான அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இல்லை. அவர்களுக்கு ஒரு மேடையையும், கல்வியாண்டின் நாள்காட்டியில் ஓரிடத்தையும் அரசே ஏற்படுத்தித் தந்திருக்கிறது. திட்டம் வேரூன்றிவிட்ட நிலையில், அதன் பிரிவுகளும் பரிசுகளும் நோக்கத்துக்கு ஏற்றவையாக உள்ளனவா என்று ஆராய்வது குறைகாண்பதாகாது.

முதலில் பிரிவுகள். போட்டியில் பிரிவு என்பது ஒப்பிடத் தகுந்தவர்களை மட்டும் ஒப்பிடுவதற்கான ஏற்பாடு. கலைத் திருவிழாவில் இதற்கு முதன்மையான அளவுகோல் வகுப்பு, அதாவது வயது. ஓர் எட்டாம் வகுப்பு மாணவியை பிளஸ் 2 மாணவியோடு மோதவிடாமல் இது காக்கிறது. ஆனால், கலையில் வயதைவிடப் பெரிய வேறுபாடு பயிற்சி. விழுப்புரம் மாவட்டத்தின் அனந்தபுரம் போன்ற சிறிய பேரூராட்சியில் அல்லது அதைச் சுற்றியுள்ள சிற்றூரில் படிக்கும் மாணவர், மாவட்ட அளவில் விழுப்புரம், திண்டிவனம் போன்ற நகரங்களின் பெரிய பள்ளிகளோடு போட்டியிட வேண்டும். ஆயிரம் பேரிலிருந்து பன்னிரண்டு பேரைத் தெரிந்தெடுத்த குழுவும், எண்பது பேரில் ஆடத் தெரிந்த பன்னிரண்டு பேரையும் திரட்டிய குழுவும் ஒரே மேடையில் ஒரே மதிப்பெண் தாளால் அளக்கப்படுகின்றன.

பயிற்றுவிப்போர் நிலையையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஓவியம், உடற்கல்வி, இசை உள்ளிட்ட பாடங்களுக்காக 2012-ஆம் ஆண்டில் தமிழகத்தில் 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். வாரத்துக்கு மூன்று அரைநாள் பணி. ஊதியம் பின்னர் படிப்படியாக உயர்த்தப்பட்டாலும் பணிநிரந்தரக் கோரிக்கை நீண்டகாலமாகத் தொடர்ந்து வந்திருக்கிறது. எல்லாப் பள்ளிகளுக்கும் இசை ஆசிரியர் கிடைக்கவில்லை. கணித ஆசிரியரோ தமிழாசிரியரோ மாலையில் தங்கி, கைப்பேசிக் காணொலியைப் பார்த்துப் பயிற்சியளிக்கும் பள்ளிகளும் உள்ளன. அத்தகைய பள்ளியின் தோல்வி மாணவரின் தோல்வியன்று.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 'ஷோ கொயர்' எனப்படும் போட்டிகள் புகழ்பெற்றவை. பல பத்து மாணவர்கள் குழுவாகப் பாடிக்கொண்டே ஆடுவர். பின்னால் நேரடி இசைக்குழு இருக்கும். அங்கு குழுவின் அல்லது பள்ளியின் அளவைப் பொறுத்தும், குழுவில் இருபாலரும் இருக்கிறார்களா, ஒரு பாலர் மட்டுமா என்பதைப் பொறுத்தும் பிரிவுகள் வகுக்கப்படுவதுண்டு. பகலில் அந்தந்தப் பிரிவுக்குள் போட்டி நடக்கும். அதிக மதிப்பெண் பெற்ற குழுக்கள் மட்டும், பிரிவு வேறுபாடின்றி, இரவு நடைபெறும் இறுதிச் சுற்றில் மோதும். ஒட்டுமொத்த வெற்றிக்கான பரிசோடு, சிறந்த பாடல், சிறந்த ஆட்டம், சிறந்த இசைக்குழு, சிறந்த தனிப்பாடகர் எனத் தனித்தனிப் பரிசுகளும் உண்டு. சிறு பள்ளிக் குழு இறுதிச் சுற்றை எட்டாமல் போகலாம். ஆயினும் தன் பிரிவில் வென்றோ, பாடலுக்குப் பரிசு பெற்றோ திரும்பலாம். நடுவர்களின் கருத்துகளைப் பதிவு செய்து பயிற்றுநருக்கு வழங்கும் வழக்கமும் பல போட்டிகளில் உள்ளது. அங்கும் பணபலம் உள்ள பள்ளிகளின் ஆதிக்கம் இல்லாமல் இல்லை. ஆனால், தோற்றவருக்கும் எதையேனும் கற்றுத் தந்து அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் அந்த அமைப்பில் இருக்கிறது.

அடுத்தது பரிசுகள். இதில் நாம் பாடம் கற்க அண்டை மாநிலமான கேரளமே போதும். 1957-ஆம் ஆண்டு எர்ணாகுளத்தில் தொடங்கிய கேரளப் பள்ளிக் கலைவிழா இன்று ஆசியாவின் மிகப் பெரிய பள்ளிக் கலைவிழாக்களில் ஒன்றாகப் பேசப்படுகிறது. 1986-இல் அங்கு 'கலாபிரதிபா', 'கலாதிலகம்' என்ற பட்டங்கள் அறிமுகமாயின. நம் 'கலையரசன்', 'கலையரசி' விருதுகளின் மூத்த உறவினர் என்று அவற்றைச் சொல்லலாம். நடிகர் வினீத், நடிகை மஞ்சு வாரியர் போன்றோர் அப்பட்டங்கள் வழியே வெளிச்சம் பெற்றனர். ஆனால், ஒரு பட்டத்துக்காகப் பெற்றோரிடையே எழுந்த போட்டியும் பூசலும், ஆடைக்கும் பயிற்சிக்கும் கொட்டப்பட்ட பணமும் விழாவின் நோக்கத்தையே விழுங்கத் தொடங்கின. இருபதாண்டுகளுக்குப் பிறகு அப்பட்டங்கள் கைவிடப்பட்டன. இப்போது தரநிலைகளே முதன்மை பெறுகின்றன. வரையறுத்த மதிப்பெண்ணை எட்டிய அனைவரும் 'ஏ' தரநிலை பெறலாம். ஒருவர் பெறுவதால் இன்னொருவர் இழப்பதில்லை.

இதனால் போட்டி மனப்பான்மை மறைந்துவிட்டதா? இல்லை. தரநிலைப் புள்ளிகளைக் கூட்டி முதலிடம் பெறும் மாவட்டத்துக்கு 117.5 பவுன் தங்கக் கோப்பை வழங்கப்படுகிறது. 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடைபெற்ற விழாவில் திருச்சூர் 1,008 புள்ளிகளும் பாலக்காடு 1,007 புள்ளிகளும் பெற்றன. ஒரே புள்ளியில் கோப்பை கைமாறியது. மாவட்ட அளவில் வாய்ப்பிழந்தோர் மேல்முறையீடு செய்வதும், நீதிமன்றத்தை நாடுவதும் அங்கே வாடிக்கை. எந்தப் பரிசுமுறையும் குறையற்றதன்று. எனினும், சுமையை ஒரு சிறுவனின் அல்லது சிறுமியின் தலையிலிருந்து இறக்கி ஒரு மாவட்டத்தின் தோளில் வைத்தது அறிவார்ந்த மாற்றம். மேல்முறையீடு என்ற வழி இருப்பதும், நடுவர் தீர்ப்புக்குக் காரணம் கேட்க மாணவருக்கு உரிமை உண்டு என்பதை ஏற்பதாகும்.

எந்தக் கலைக்கு இடமளிக்கிறோம் என்பதும் பிரிவு குறித்த கேள்விதான். அதே 2025 விழாவில் முதன்முறையாகப் பழங்குடியினரின் ஐந்து கலைவடிவங்கள் போட்டிகளில் சேர்க்கப்பட்டன. இருளர் நடனமும் அவற்றுள் ஒன்று. இருளர் குடியிருப்புகள் பல உள்ள விழுப்புரம் மாவட்டத்துக்கு இது கவனிக்கத்தக்க செய்தி. செஞ்சி, திண்டிவனம் பகுதிகள் திரௌபதி அம்மன் வழிபாட்டுக்கும் பாரதக் கூத்துக்கும் பெயர்பெற்றவை. விடிய விடிய நிகழும் கூத்தைச் சில நிமிடங்களில் நிகழ்த்தச் சொல்லும்போது, அதை எதைக் கொண்டு அளக்க வேண்டும் என்பதைக் கூத்தறிந்தவரே சொல்ல முடியும். மேடை நாடகத்தின் அளவுகோலால் அளந்தால், கூத்தின் உரத்த குரலும் அடவும் குறையாகவே தோன்றும்.

செய்யக்கூடியவை எளியவையே. வகுப்போடு பள்ளியின் மாணவர் எண்ணிக்கையையும் கணக்கில் கொண்டு, குழுப் போட்டிகளிலேனும் வட்டார, மாவட்ட அளவில் சிறு பள்ளிகளுக்குத் தனிப் பிரிவு ஏற்படுத்தலாம். முதல் மூன்று இடங்களோடு, உரிய தரத்தை எட்டிய அனைவருக்கும் தரநிலைச் சான்று வழங்கலாம். நடுவரின் மதிப்பெண் தாளை, இரண்டு வரிக் குறிப்புடன் மாணவரிடமே கொடுத்துவிடலாம். இம்மூன்றுக்கும் பெருஞ்செலவு இல்லை. செலவு பிடிப்பது நான்காவதுதான்: விழா முடிந்த பின்னும் ஆண்டு முழுவதும் பயிற்றுவிக்க ஆசிரியர் வேண்டும்.

படிதோறும் முன்னணியில் இருப்போர் மட்டுமே மேலேறும் அமைப்பில் பங்கேற்போரில் மிகப் பெரும்பாலோர் மாநில மேடையைக் காணமாட்டார்கள். அரசு திருவிழா எடுப்பது அவர்களுக்காகவும்தான். மேடையிலிருந்து இறங்கும் அந்த மாணவி, 'தாளம் சரி, சுருதியில் கவனம் வேண்டும்' என்ற ஒரு வரியையாவது கையில் வைத்திருந்தால், அடுத்த ஆண்டும் பெயர் கொடுப்பாள்.