வாய்ப்பாடும் நிறுவைத் தராசும்

அண்மையில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். காலை, பகல், மாலை என ஒரு நாளில் மூன்று நிறுவை. ஒவ்வொரு நிறுவையிலும் 2 கிலோ கழிக்கிறார்கள். மாதம் 20 நாள் பேர் விழுந்தால் கழிவு எவ்வளவு?

மூவிரண்டு ஆறு. 20 நாளுக்கு 120 கிலோ. விடை கண்ட சிறுமியொருத்தி எழுந்து, "சேர், ரெண்டு கிலோதானே போகுதுன்னு அம்மா சொல்லுவாங்க" என்றாள்.

அந்த 120 கிலோவுக்காகக் குரல் கொடுப்பது சங்கத்தின் வேலை. ஆனால் அது 2 அல்ல, 120 என்று கண்டுபிடிக்க வாய்ப்பாடு வேண்டும். சேமலாப நிதிக்கு நம்மிடம் 8 வீதமும் நிர்வாகத்திடம் 12 வீதமும் சரியாகப் போகிறதா என்று பார்க்கவும் அதே வாய்ப்பாடுதான்.

"நாங்க படிக்கல சேர், எப்படிச் சொல்லிக்குடுக்கிறது?" என்று தாய்மார் கேட்கிறார்கள். மலையில் நின்றே கிலோக் கணக்கை மனதில் கூட்டும் உங்களால் முடியும்.

முதலில் பிரம்பை எடுத்து வையுங்கள். பயந்த பிள்ளை பாட்டாக ஒப்புவிக்கும், இடையில் "ஏழெட்டு?" என்று கேட்டால் ஓரேழிலிருந்து மறுபடி தொடங்கும். ஆசிரியர்களாகிய நாங்களும் இந்தத் தவறைச் செய்திருக்கிறோம். நானும் செய்தேன்.

அவரைக்கொட்டைகளை நிரை பிடிப்பதுபோல அடுக்கச் சொல்லுங்கள். 6 நிரை, நிரைக்கு 7 கொட்டை. பக்கவாட்டில் இருந்து பார்த்தால் அதுவே 7 நிரை, நிரைக்கு 6. இரண்டும் 42. ஒன்றைப் படித்தால் மற்றதும் வந்துவிடும்.

ஒன்று, இரண்டு, ஐந்து, பத்தாம் வாய்ப்பாடுகள் பிள்ளைகளுக்குச் சுலபம். ஒன்பதாம் வாய்ப்பாட்டுக்குப் பத்தாம் வாய்ப்பாட்டில் ஒரு தடவை கழித்தால் போதும்: பத்தேழு 70, அதில் 7 போக 63. இவற்றை விட்டால், பத்துப் பத்து நூறு வரை பாடமாக்க மிஞ்சுவது வெறும் 15 பெருக்கல்கள். மூன்று, நான்கு, ஆறு, ஏழு, எட்டு ஆகிய ஐந்து எண்களுக்குள் வருபவை அவை. நாளுக்கு ஒன்று என்றால் 15 நாள். ரொட்டி தட்டும்போது ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை கேளுங்கள். பிழையாகச் சொன்னால் கொட்டையை அடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

லயத்துக் காம்பராவில் எல்லாப் பிள்ளைக்கும் இருந்து படிக்க இடமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆகவே தோட்டத் தலைவர்களிடம் ஒரு கோரிக்கை: பிள்ளைக் காம்பராவை மாலையில் ஒரு மணித்தியாலம் திறந்துவிட நிர்வாகத்திடம் கேளுங்கள். பத்தாம், பதினோராம் ஆண்டில் படிக்கும் அண்ணன் அக்காமார் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.

அடுத்த சம்பள நாளில் சம்பளச் சீட்டை மடித்து வைத்துவிடாதீர்கள். பிள்ளையின் கையில் கொடுத்து, "கணக்குச் சரியா பாரு" என்று சொல்லுங்கள். பிழை இருந்தால் இருவருமாகச் சங்கத்துக்கு வாருங்கள்.