தாளை மூடுங்கள்

மதுரை கே.கே. நகர்ப் பிள்ளைகள் கீபோர்டு கற்பது பெரும்பாலும் கிரேடு தேர்வுக்குத்தான். ஜாஸ் பியானோ கலைஞர் லூயிஸ் பேங்க்ஸைக் கேட்டிருப்பார்களா? 1941-இல் டார்ஜிலிங்கில் பிறந்தவர். அப்பா டிரம்பெட் கலைஞர். கொல்கத்தா புளூ ஃபாக்ஸ் உணவகத்தில் ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்தவரை மும்பை சினிமாவுக்கு இழுத்தவர் ஆர்.டி. பர்மன். விளம்பர ஜிங்கிள், தூர்தர்ஷனின் 'மிலே சுர்' பாடல், கர்நாடகப் பாடகி ஆர்.ஏ. ரமாமணியோடு 'சங்கம்' குழு, நம்ம சிவமணி, சங்கர் மகாதேவனோடு 'சில்க்' குழு என்று மனிதர் எதையும் விட்டுவைக்கவில்லை. சாப்பிட வந்தவர்கள் முன் வாசித்துத் தேறிய கை அது. நம் பிள்ளைகளோ இசைக்குறிப்புத் தாளை எடுத்துவிட்டால் தவிக்கிறார்கள். மேடையிலேயே ஸ்வரங்களைப் புனைந்து கற்பனாஸ்வரம் பாடும் ஊரில் இது கொடுமை. ஆசிரியர்களே, வகுப்பில் பத்து நிமிடமாவது தாளை மூடிவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.