பஃபர் உரசுற இடத்துலதான் ஆம்புலன்ஸும் நிக்குது

எங்க கூட்டாளி ஒருத்தன் பழைய ரெண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கினான். லீசிங்தான். தரையோட ஒட்டிப் போற வண்டி. வாங்கின முதல் ஞாயிற்றுக்கிழமையே பதுளையிலிருந்து பசறைக்கு ஓட்டி வந்தான். காபட் ரோட்டில் ஒரு குறையும் இல்லை. பசறை டவுனைத் தாண்டி, அவனுடைய தோட்டத்துக்குத் திரும்புகிற முடக்கில்தான் அந்தச் சத்தம் கேட்டது. முன் பஃபருக்குக் கீழே இருந்த உதடு ரெண்டாகப் பிளந்து, ஒரு பாதி கானுக்குள் கிடந்தது. லயத்துப் பிள்ளைகள் ஓடிவந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். கொழுந்துச் சாக்கோடு நின்ற ஒரு ஆச்சி மட்டும் கேட்டார்: "ஏன் தம்பி, இந்த ரோட்டுக்கு இப்பிடி ஒரு வண்டியா?"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். ஆனால் அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்க எங்களில் ஒருத்தருக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை. அதைத்தான் இப்போது கேட்கிறோம்.

முதலில் வண்டிக் கதையை முடித்துவிடுவோம். சம்பவத்துக்குப் பிறகு ஆளுக்கொரு ஆலோசனை சொன்னார்கள். பெயின்ட்டுக்கு மேலே ஃபிலிம் ஒட்டு, ரப்பர் உதடு போடு, குறுக்காக ஏற்று. எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே கணக்குதான். முன் சக்கரம் தரையைத் தொடுகிற இடத்திலிருந்து மூக்கு எவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டிருக்கிறது, அது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் அந்தக் கணக்கு. 90 சென்டிமீற்றர் நீட்டி, 10 சென்டிமீற்றர் உயரத்தில் இருந்தால், அந்த வண்டி உரசாமல் ஏறக்கூடிய சரிவு சுமார் 6 பாகைதான். ஒன்பது அடி போனால் ஓர் அடி ஏறுகிற சரிவு சட்டென்று தொடங்கினாலே மூக்கு தரையில் இடிக்கும். எங்கள் தோட்டத்து ரோட்டில் கொங்கிரீட் முடிந்து மண் தொடங்குகிற ஒவ்வொரு இடமும் அதைவிட மோசம்.

குறுக்காக ஏற்றுவது நல்ல தந்திரம்தான். ஒரு சக்கரம் முதலில் ஏறினால் அந்தப் பக்கத்து மூக்கும் கூடவே தூக்கும். ஆனால் அதற்கு ரோடு அகலமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கான், மறுபக்கம் பள்ளம், நடுவில் ஒரு வண்டி போகிற அளவு இடம். இதில் எந்தக் குறுக்கில் திருப்புவது?

ரப்பர் உதடு போடலாம். ஃபைபரைப் போல் உடையாது, வளைந்து கொடுக்கும், தேய்ந்தால் மாற்றிவிடலாம். அதைவிட முக்கியம் சம்ப்புக்குக் கீழே ஒரு இரும்புத் தகடு. பெயின்ட் உரிந்தால் வண்டி நிற்காது. சம்ப் வெடித்து ஒயில் ஒழுகினால், கவனிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டினாலே எஞ்சின் பிடித்துக்கொள்ளும். மூக்குக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு வயிற்றைத் திறந்து வைத்திருக்கிற தம்பிமாரைப் பார்த்தால் எங்களுக்குக் கோபம்தான் வருகிறது. அதிலும் ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை இன்னும் இறக்குகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல! வெட்டின ஸ்பிரிங் குழியில் விழுந்து எழும்பும்போது இடம் விட்டு நகரலாம், முடக்கில் டயர் மட்காட்டில் உரசலாம். பக்கத்தில் பள்ளம் இருக்கிற ஊரில் இது ஸ்டைல் இல்லை, கிறுக்கு. இதை எங்கள் கூட்டாளிகளுக்கே முகத்துக்கு நேராகச் சொல்கிறோம்.

போர்ஷே 911 மாதிரி வண்டிகளில் இன்னொரு வசதி உண்டு. பட்டனை அழுத்தினால் மூக்கு சில சென்டிமீற்றர் உயரும். சில மாடல்கள் எந்த இடத்தில் உயர்த்தினோம் என்பதை ஜிபிஎஸ் வைத்து நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த தடவை அங்கே வந்ததும் தானாகவே உயர்த்திக்கொள்ளும். ஒரு காருக்கு முடக்கு ஞாபகம் இருக்கிறது. ரோட்டுக்குப் பொறுப்பானவர்களுக்கு இல்லை.

இங்கேதான் எங்கள் வாதம் தொடங்குகிறது. இந்த ஆலோசனை எல்லாமே ரோட்டை மழை, வெயில் மாதிரி ஒரு இயற்கையாக எடுத்துக்கொள்கிறது. ரோடு அப்படித்தான், நீ உன் மூக்கைப் பார்த்துக்கொள் என்கிறது. நாங்களும் அப்படியே பழகிவிட்டோம்.

"கார் வச்சிருக்கிறவன் பஃபர் உரசினா நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாய்க்கு வந்ததே 2021இல். 1350 ஆனது 2024 செப்டெம்பரில். அந்த வீட்டுக்கு முன்னால் நின்று பஃபருக்காக அழுவது அசிங்கம்தான். ஆனால் பஃபர் உரசுகிற அதே முடக்குக்குக் கீழேதான் 1990 ஆம்புலன்ஸும் நிற்கிறது. மழை நாளில் அதற்கு மேலே ஏற முடியாது. நடுச்சாமத்தில் வலி எடுத்த பிள்ளைத்தாய்ச்சியைக் கம்பளியில் கிடத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்தத் தாய்க்கு எந்த ரப்பர் உதட்டைப் பூட்டுவது?

மெயின் ரோட்டிலும் இதே கதைதான். 2021 மார்ச் 20 காலை, லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் போன பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்தது. பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அந்த இடத்தில், மலையிலிருந்து உருண்டு விழுந்த பாறை ரோட்டின் ஒரு பகுதியை மறித்துக் கிடந்தது. சாரதியின் பிழை, எதிரே வந்த வண்டியின் பிழை என்று நாடே பேசியது. பேசட்டும். பாறை ஏன் அங்கேயே கிடந்தது என்பதையும் அதே சத்தத்தில் கேட்டிருக்க வேண்டும்.

மலையகத்துக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றும் புதுசில்லை. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார் பந்தயம் 1934இலேயே தொடங்கிவிட்டது. துரைமாரின் வண்டி சீறிப் போக இந்தத் தேயிலை மலையில் அன்றைக்கே நல்ல ரோடு இருந்தது. பங்களாவுக்குப் போகிற ரோடும் ஸ்டோருக்குப் போகிற ரோடும் எப்பவும் ஒப்பேறும். லயத்துக்குப் போகிற ரோடுதான் அநாதை.

அநாதை என்று சும்மா சொல்லவில்லை. தோட்டங்களை 1970களில் அரசாங்கம் எடுத்தது, 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டமோ, தோட்டத்துக்குள் சபைக் காசைச் செலவழிக்க முடியாது என்று கைவிரிக்க இடம் வைத்திருந்தது. எங்கள் அப்பா அம்மா வோட்டுப் போட்டுத் தெரிவு செய்த சபை, அவர்கள் வீட்டு வாசலுக்கு ஒரு கூடை கல் போட முடியாது! முப்பது வருசம் கழித்து, 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபைகள் வேலை செய்ய வழி திறந்தது. வழி திறந்தும் கேட்டால் சபை கம்பனியைக் காட்டுகிறது, கம்பனி சபையைக் காட்டுகிறது. நடுவில் கல் பெயர்கிறது.

"ரோட்டை நல்லாப் போட்டா பொடியன்மார் ரேஸ் ஓடிச் சாவானுங்க" என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். 2024 ஏப்ரலில் தியத்தலாவை கார் பந்தயத்தில் ஏழு உயிர் போனதை நாங்களும் மறக்கவில்லை. நாங்கள் கேட்பது பந்தய மைதானம் இல்லை. தண்ணீர் ஓட ஒழுங்கான கான், முடக்கில் ஒரு தடுப்புச் சுவர், கொங்கிரீட்டும் மண்ணும் சேருகிற இடத்தில் படி விழாத சரிவு. வேகத்தைக் குறைக்க எத்தனையோ வழி உண்டு. குழி அதில் ஒன்று இல்லை.

ஆகவே வண்டி வைத்திருக்கிற கூட்டாளிமாருக்கு ஒரு வேலை. அடுத்த தடவை உரசினால் நேரே கராஜுக்குப் போகாதீர்கள். இறங்கி அந்த இடத்தைப் படம் எடுங்கள், திகதி போடுங்கள், படியின் உயரத்தை அளவுநாடா வைத்து அளந்து எழுதுங்கள். பிறகு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபைக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள். இந்த ரோடு யாருடைய பொறுப்பு? சபை பொறுப்பேற்றிருக்கிறதா? இல்லையென்றால் ஏன்? தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும். தமிழிலேயே எழுதலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்கள் எழுதித் தருகிறோம்.

எங்கள் கூட்டாளி ரப்பர் உதடு பூட்டிவிட்டான். சம்ப்புக்குத் தகடும் அடித்துவிட்டான். விண்ணப்பத்தையும் அவனே போட்டான். ஆச்சியிடம் போய்ச் சொன்னபோது அவர் கேட்டது இவ்வளவுதான்: "ரோடு போட்டா ஆஸ்பத்திரி வண்டி லயத்துக்கிட்ட வருமா தம்பி?"

வர வேண்டும், ஆச்சி. அதற்குப் பிறகுதான் எங்களுக்கு பஃபர் எல்லாம்.